குரோமா, ஃபயர்பாக்ஸா? போனுக்கு எது சரி?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகள் குறைவு. கரண்ட் பில், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ரிசல்ட் எல்லாமே ஆண்ட்ராய்டு போனில்தான். அதனால் குரோம், ஃபயர்பாக்ஸ் என்ற இரண்டு பிரவுசர்களையும் (இணையப் பக்கங்களைத் திறக்கும் ஆப்கள்) போனை வைத்தே ஒப்பிடுகிறேன்.

குரோம் பெரும்பாலும் போன் வாங்கும்போதே அதில் இருக்கும். ஆங்கிலப் பக்கத்தை அங்கேயே தமிழாக்கிக் காட்டும். எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் என் அக்காவுக்கு இது பெரிய துணை. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் புரிந்துவிடும்.

ஃபயர்பாக்ஸை நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போனிலேயே சேர்க்கலாம். போனில் ஓடும் குரோமில் அந்த வசதி இல்லை. இதற்காகவே நான் மாறினேன். ஒரு படிவம் தேடப் போன அப்பா, பச்சையாக மின்னிய 'டவுன்லோடு' விளம்பரத்தை அழுத்தி, வேண்டாத ஆப் ஒன்றை ஏற்றிவிட்டார். அதை நீக்கும்வரை அவருக்குப் படபடப்பு அடங்கவில்லை. வயதானவர்கள் கையில் இருக்கும் போனுக்கு இந்தத் தடுப்பான் கட்டாயம் வேண்டும். விளம்பரம் இறங்காததால் டேட்டாவும் மிச்சம், தினம் 1.5 ஜிபியை வீடே பங்குபோடும்போது அதன் அருமை தெரியும். அப்புறம், நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் போனில் போட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கீயை, ஃபயர்பாக்ஸ் தளம் வாரியாகத் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. அதனால் தளம்விட்டுத் தளம் நம்மைப் பின்தொடர்வது கடினம்.

குறையும் உண்டு. சில தளங்களில் பணம் கட்டும் பக்கம் ஃபயர்பாக்ஸில் தடுமாறும். அப்போது மட்டும் குரோமைத் திறப்பேன்.