மிதக்கும் டிஸ்க் வாங்கலாமா? இன்னோவா டிராகன்

பறக்கும் தட்டை வீசிக் கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் குளத்தைக் கண்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் மேப்பிள் ஹில் திடலில் முதல் ஹோலிலேயே (ஒரு கூடைக்கான ஆட்டப் பகுதி) தண்ணீர் காத்திருக்கிறது. பல வருடம் கைக்குப் பழகிய டிரைவர் (தூரமாக வீசுவதற்கான டிஸ்க்) அதில் போய்விட்டால், அதே மாடலை அதே எடையில் வாங்கினாலும் பழையது மாதிரி பறக்காது. மரத்தில் மோதி மோதி மழுங்கிய விளிம்பைக் கடையில் விற்பதில்லையே.

இந்தப் பயத்துக்கு மருந்தாக டிஸ்க் தயாரிக்கும் இன்னோவா நிறுவனம் விற்பதுதான் டிராகன். தண்ணீரில் மிதக்கும். அது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை, உண்மையாகவே மிதக்கிறது. சாம்பியன், ஸ்டார் போன்ற விலை கூடிய பிளாஸ்டிக்கில் வழக்கமான எடையில் வரும் டிரைவர்கள் தண்ணீரைவிட அடர்த்தியானவை. விழுந்ததும் அடியில்தான் போய்ப் படுக்கும்.

ஆனால் டிராகன் எப்படிப் பறக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வேகம் 8, கிளைடு (காற்றில் மிதந்து நிற்பது) 5, டர்ன் (வேகமாகப் போகும்போது சாய்வது) -2, ஃபேட் (கடைசியில் திரும்புவது) 2. வலது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் பேக்ஹேண்டாக வீசினால், வேகம் இருக்கும்வரை வலப்பக்கம் சாயும், கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பும். புதிதாக ஆடுகிறவருக்கு இது ஏறக்குறைய நேராகவே போகும். டெஸ்ட்ராயர் என்ற இன்னும் வேகமான டிரைவரை (அதே வரிசையில் 12, 5, -1, 3) வீசிப் பழகிய வேகமான கைக்கு வலது பக்கம் உருண்டுவிடும். குளத்தின் மேல் காற்றுக்கு மறைப்பு கிடையாது. எதிர்க்காற்று அடித்தால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். டிஸ்க்கின் வெளி விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, முக்கால் பலத்தில் விடுங்கள். முழு பலத்தையும் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

டிராகனின் பிளாஸ்டிக் டிஎக்ஸ் என்ற மலிவு ரகம். பிடி நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் மரத்தில் நாலு தடவை பட்டால் விளிம்பு பிசிறடிக்கும், வலது சாய்வு மேலும் கூடும். அதனால் இதைத் தண்ணீர் ஹோல்களுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள், காட்டு ஹோல்களில் எடுக்காதீர்கள்.

மிதந்தால் மட்டும் கைக்கு வந்துவிடாது. எங்கே போய் ஒதுங்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே நடங்கள். நடுவில் அல்லி இலைகள் இருந்தால் அவற்றில் சிக்கிக்கொள்ளும். ஓடும் நீரில் கதை தலைகீழ். மூழ்கும் டிஸ்க் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் எங்காவது தங்கும். மிதப்பதோ நீரோட்டத்தோடு போயே போய்விடும். ஓடை குறுக்கிடும் திடலில் டிராகன் வீண் செலவு. நிறத்தில் ஆரஞ்சோ அடர் பிங்க்கோ எடுங்கள். வெள்ளையும் நீலமும் வெயிலில் மின்னும் தண்ணீரில் கண்ணுக்குத் தப்பும்.

மிதந்து கரைக்கு வந்தாலும் ஆட்டக் கணக்கில் லாபம் இல்லை. தண்ணீரின் அசைவால் மட்டும் நகரும் டிஸ்க்கை நின்றுவிட்டதாகவே பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதி கொள்கிறது. குளம் எல்லைக்கு வெளியே என்று குறிக்கப்பட்டிருந்தால் ஒரு வீச்சு அபராதம் உண்டு. காப்பாற்றப்படுவது டிஸ்க்தான், ஸ்கோர் இல்லை.

ஏற்கெனவே பிடித்த டிஸ்க்கை மூழ்கடித்துவிட்டவர்களுக்கு டிராகன் உதவாது. அவர்களுக்கு வேண்டியது நீளும் கம்பு, அல்லது கயிற்றில் கட்டி எறிந்து இழுக்கும் கொக்கி. தெளிந்த, ஆழமில்லாத கரையோரத்துக்குக் கம்பு. கலங்கிய தண்ணீருக்குக் கயிற்றுக் கொக்கி. விழுந்த இடத்துக்கு நேராக எதிர்க்கரையில் ஒரு மரத்தை அடையாளம் வையுங்கள். தண்ணீருக்குள் போன தட்டு நேர் கீழே இறங்காது, ஆடி ஆடிச் சில அடி தள்ளிப் போய்த்தான் படுக்கும். எனவே குறியைத் தாண்டி எறிந்து, கொக்கி தரையை விட்டு எழும்பாதபடி மெதுவாக இழுங்கள். அடுத்த இழுப்பு ஒரு முழம் தள்ளி. அவசரப்பட்டு இழுத்தால் சேறு கலங்கி, இருக்கிற கொஞ்சநஞ்ச பார்வையும் போகும்.

டிராகன் ஒன்று வாங்கினால் போதும். பெயரையும் போன் நம்பரையும் அழியா மையால் உள்பக்க விளிம்பில் எழுதுங்கள். மேல்பக்கம் எழுதினால் உரசி உரசிச் சீக்கிரமே தேய்ந்துவிடும்.