பிரேசிங் ஃபிரேம் மேல் வெல்டிங் போட விடாதீர்கள்

லக் (குழாய்கள் சேரும் மூலையில் அவற்றைச் செருகும் ஸ்டீல் உறை) வைத்த பழைய ஸ்டீல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க. ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டீல் குழாயில் செய்த ஃபிரேம் ஒன்றில், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கீழ் ஹெட் லக்கை ஒட்டி, அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபில் மயிரிழைக் கீறல். பட்டறையில் பேசியது குழாயை மாற்றி பிரேசிங் (ஸ்டீலை உருக்காமல், பித்தளையை உருக்கி ஒட்டுவது) செய்துதர. வாங்கிய காசும் அதற்குத்தான். வேலையோ வேறு. கீறல் மேலேயே மிக் வெல்டிங் (மின்சாரத்தில் கம்பியோடு ஸ்டீலையே உருக்கி ஒட்டுவது) ஓட்டி, கிரைண்டரால் சமமாக்கி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டார்கள். வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி கீறியது. பெயின்டைச் சுரண்டினால் வெல்டு முழுக்க ஊசித்துளை.

கேட்டதற்கு வந்த பதில்: "பித்தளை ஒட்டு தாங்காது சார், வெல்டிங்தான் ஸ்ட்ராங்கு."

இது அப்பட்டமான பொய். லக்குக்கும் குழாய்க்கும் நடுவே 0.1 மி.மீ. அளவு இடைவெளிதான், உருகிய பித்தளை அதில் தானாக ஏறி, லக்கின் முழுப் பரப்பையும் பிடித்துக்கொள்ளும். 1935இல் வந்த 531 குழாயே பிரேசிங்கை நம்பிச் செய்ததுதான். வெல்டிங் சூட்டில் அது வெல்டு ஓரத்தில் விறைத்து விரிசல் விடும்.

அதைவிட மோசம், லக்குக்குள் ஏற்கெனவே இருக்கும் பித்தளை. ஸ்டீல் உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவு வேண்டும். பித்தளையில் உள்ள துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த ஆவிதான் ஊசித்துளை. பித்தளையில் உள்ள செம்போ உருகி ஸ்டீலின் துகள்களுக்கு இடையே புகுந்து, இழுவிசை பட்டதும் பிளக்கும். சிறு விமானங்களின் 4130 ஸ்டீல் குழாய்க் கூட்டை வெல்டிங்கில்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் பிரேசிங் செய்த இடத்தின் மேல் வெல்டிங் கூடாது என்று அமெரிக்க விமானத் துறையின் பழுதுபார்ப்பு வழிகாட்டி ஏசி 43.13-1பி தெளிவாகச் சொல்கிறது.

கிரைண்டர் செய்த கேடு தனி. டவுன் டியூபின் சுவர் முனைப் பக்கமே 1 மி.மீ. அளவுதான், நடுவில் இன்னும் மெல்லிசு. கால் மி.மீ. சீவினாலே போச்சு.

சரியான வேலை இதுதான்: லக்கைச் சூடேற்றிப் பழைய குழாயை உருவ வேண்டும். உள்பக்கத்தை எமரி போட்டுப் பளபளப்பாக்கி, ஃபிளக்ஸ் (சூட்டில் துருப்படலம் பிடிக்காமல் காக்கும் பசை) தடவி, புதுக் குழாயைச் செருகி, தடிமனான லக் பக்கம் முதலில் சூடு காட்ட வேண்டும். ஒரு ஓரத்தில் கொடுத்த பித்தளை மறு ஓரத்தில் எட்டிப்பார்க்க வேண்டும். ஃபிளக்ஸ் கருகிவிட்டால் பித்தளை ஓடாது. சுத்தம் செய்து மறுபடி தொடங்கத்தான் வேண்டும்.

பெயின்டுக்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். லக் ஓரம் முழுக்க அறுபடாத மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தால் மட்டும் காசு கொடுங்கள். ஏற்கெனவே வெல்டிங் போட்டுவிட்ட ஃபிரேமை ஓட்டாதீர்கள். குழாயோடு அந்த லக்கையும் மாற்றியாக வேண்டும்.