230 வோல்ட் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மேசைக்கு வருவதெல்லாம் செம்பனைத் தோட்டத்து மருந்துப் பம்பும் பழைய ரேடியோவும்தான். அவற்றைச் சோதிக்கப் பவர் சப்ளை ஒன்று வேண்டும், பெட்டியை 3டி பிரிண்டரிலேயே அடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய கம்ப்யூட்டர் சப்ளைக்குச் செலவே இல்லை. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும், 3.3, 5, 12 வோல்ட் கிடைக்கும். ஆனால் கரண்டுக்குக் கடிவாளம் கிடையாது. ஒருமுறை பம்பு மோட்டார் இறுகிப்போனது தெரியாமல் மாட்டிவிட்டேன். சப்ளை அசரவே இல்லை. என் மெல்லிய சோதனை வயரின் உறைதான் உருகி வழிந்தது.

டிரான்ஸ்ஃபார்மரோடு எல்எம்317 என்ற வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சில்லைப் போட்டால் வெளியே வருவது இரைச்சலில்லாத சுத்தமான மின்சாரம். 1.25 முதல் 37 வோல்ட் வரை திருப்பலாம், 1.5 ஆம்பியர் தரும். சிக்கல் சூடுதான். 18 வோல்ட் உள்ளே வந்து 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வெளியே போனால், மீதி 13 வாட்டும் வெறும் சூடு. பெட்டியை அடித்த பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஹீட்சிங்க் திருகியிருந்த பக்கம் அரை மணி நேரத்தில் அப்பளம்போல வளைந்துவிட்டது. அதைவிடப் பயம், 230 வோல்ட்டும் அதே பிளாஸ்டிக்குக்குள் இருந்ததுதான்.

அதனால் என் ஓட்டு லேப்டாப் அடாப்டருக்கு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதன் கறுப்புக் கட்டியோடு நின்றுவிடும். பெட்டிக்குள் வருவது 19 வோல்ட் மட்டும். உள்ளே அந்த வோல்ட்டை வேண்டிய அளவுக்குக் குறைத்துத் தரும் எக்ஸ்எல்4015 மாட்யூல்: ஒரு குமிழ் வோல்ட்டுக்கு, இன்னொன்று கரண்டுக்கு. 2 ஆம்பியரில் நிறுத்திவிட்டால் இறுகிய மோட்டார் முனகும், அவ்வளவுதான். 5 ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். ஹீட்சிங்க் இல்லாமல் நான் 3-ஐத் தாண்டுவதில்லை. 19 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

இந்தப் பெட்டியைப் பெட்ஜி (PETG) என்ற வேறு பிளாஸ்டிக்கில் அடித்தேன், 80 டிகிரி வரை தாங்கும். காற்றுத் துளை 2 மில்லிமீட்டர்தான். பெரிதாக விட்டால் நம் ஊர்ப் பல்லி குடிவந்துவிடும்!

ஆனால் ஏஎம் ரேடியோவுக்கு இது ஆகாது, மாட்யூலின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும். அதற்காகப் பழைய எல்எம்317-ஐ ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னுக்கு எர்த்தும் இழுத்திருக்கிறேன். ரேடியோ வந்தால் மட்டும் டின் அலமாரியிலிருந்து இறங்கும்.