இரவில் அணியும் மணிக்கட்டு ஸ்பிளிண்ட்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கார்பல் டனல் சிண்ட்ரோம் (மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும் நோய்) உள்ளவர்களுக்கென்று ஆயத்தமாக விற்கப்படும், மணிக்கட்டை மடங்காமல் பிடித்து நிறுத்தும் ஸ்பிளிண்ட் ஒன்றைப் பல வாரங்கள் இரவுதோறும் அணிந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். உள்ளங்கைப் பக்கம் கழற்றி மாட்டக்கூடிய அலுமினியத் தகடும் மூன்று வெல்க்ரோ பட்டைகளும் கொண்ட, எங்கும் கிடைக்கும் வகைதான் இது. துணியின் மென்மையையும் தையலின் நேர்த்தியையும் வைத்தே இத்தகைய பொருள்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் மணிக்கட்டை எந்தக் கோணத்தில் நிறுத்துகிறது என்பதே முதலில் பார்க்கவேண்டியது.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே ஓடும் தடித்த தசைநாருக்கும் இடையிலுள்ள கார்பல் டனல் என்ற குறுகிய பாதையில், ஒன்பது தசைநாண்களோடு, கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கிறது. 1981-இல் மருத்துவர் கெல்பர்மனும் அவருடைய குழுவினரும் அந்தப் பாதைக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தபோது, மணிக்கட்டு நேராக இருக்கும் நிலையில் நோயற்றவர்களுக்குச் சராசரியாக 2.5 மி.மீ. பாதரச அளவும், நோயாளிகளுக்கு 32 மி.மீ. அளவும் இருந்தன. நோயாளிகள் மணிக்கட்டை முழுவதும் உட்புறம் மடக்கியபோதும் பின்புறம் வளைத்தபோதும் அது 90 மி.மீ.-ஐத் தாண்டியது. தூக்கத்தில் நாம் அறியாமலே கை மடங்கிக் கிடப்பதும், நள்ளிரவில் விரல்கள் மரத்துப்போய் எழுந்து கையை உதறுவதும் ஏன் சேர்ந்தே நிகழ்கின்றன என்பதை இந்த எண்களிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நான் வாங்கிய ஸ்பிளிண்டின் பெரிய குறை இங்கேதான் இருந்தது. தகடு மணிக்கட்டைப் பின்புறமாகத் தூக்கி நிறுத்தும்படி வளைக்கப்பட்டே வந்தது. பகலில் பொருளைப் பிடிக்க அந்த நிலை வசதியானதுதான். நரம்பின் அழுத்தத்தைக் குறைப்பதற்கு அது பொருந்தாது. நேரான நிலையையும் 20 பாகை பின்வளைவையும் ஒப்பிட்ட 1994-ஆம் ஆண்டு ஆய்வில், நேரான நிலையே அதிக நிவாரணம் தந்தது. கை சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தகட்டை உருவியெடுத்து, என் முன்கையின் வடிவத்துக்கேற்ப நேராக்கிக் கொடுத்த பிறகுதான் இடையில் விழிக்காமல் தூங்க முடிந்தது. பெட்டியிலிருந்த குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரும் வருத்தம்.

அதே பெட்டியின் மேல் "முழு நிவாரணம்" என்று அச்சிட்டிருப்பதை ஏற்க முடியாது. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான, இங்கிலாந்தில் 234 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு வார முடிவில் இரவு ஸ்பிளிண்டைவிட ஒரேயொரு ஸ்டீராய்டு ஊசி கூடுதலாகப் பலன் அளித்தது. ஆறு மாதத்தில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. நெதர்லாந்தில் 176 பேரிடம் ஸ்பிளிண்டையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சைக் குழுவில் 80 சதவீதத்தினரும் ஸ்பிளிண்ட் குழுவில் 54 சதவீதத்தினரும் தேறியிருந்தார்கள். பதினெட்டு மாதத்தில் அது முறையே 90, 75 சதவீதம் ஆனது. ஸ்பிளிண்டுக்கு 75 என்பது நல்ல எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் அக்குழுவில் 41 சதவீதத்தினர் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். ஸ்பிளிண்ட் ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மீளாய்வும், குறுகிய காலப் பலனைப் பற்றி மிகுந்த எச்சரிக்கையோடுதான் பேசுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், சரியாக அணிந்தால் இதனால் தீங்கு மிகக் குறைவு என்பதும், வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம் என்பதுமே.

பட்டைகளை இறுக்கிக் கட்டக்கூடாது, ஏனெனில் வெளியிலிருந்து வரும் இறுக்கமும் உள்ளழுத்தத்தை ஏற்றக்கூடும். உள்ளங்கைப் பகுதி விரல்களின் அடி மடிப்புக்குக் கீழேயே முடிய வேண்டும்; என்னுடையதில் அது சரியாக முடிந்ததால் விரல்களை முழுமையாக மடக்க முடிந்தது. வியர்வை தங்குவது உண்மைதான், உள்ளே மெல்லிய பருத்தி உறை அணிந்தால் அது தணிகிறது.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என்ற எல்லைக்குள் விட்டுவிட்டு வரும் மரப்புக்கே இந்தப் பொருள் ஏற்றது. சுண்டுவிரல் மட்டும் மரத்தால் சிக்கல் பெரும்பாலும் அந்த விரலுக்குச் செல்லும் அல்நார் நரம்பில் இருக்கும். அதற்கு இதை வாங்கிப் பயனில்லை. மரப்பு பகலிலும் விலகாமல் நின்றாலோ, கட்டைவிரலின் அடியிலுள்ள தசைமேடு சூம்பத் தொடங்கினாலோ, ஸ்பிளிண்டைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திராமல் உடனே கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கத் தாமதிக்கும்தோறும் இழந்த வலிமை திரும்புவதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.