வெண்புள்ளிக்கு களிம்பா, ஒளி சிகிச்சையா?

தோலில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெண்புள்ளி இல்லை. தேமல் என்றால் சுரண்டும்போது மெல்லிய செதில் உதிரும். வெண்புள்ளி பால் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வெண்புள்ளி ஒட்டாது, இது எல்லோரும் சொல்வதுதான்.

எனக்கு வந்தது கண்ணோரத்திலும் தாடையிலும். டாக்டர் இரண்டு வழி சொன்னார்: டாக்ரோலிமஸ் களிம்பு, அல்லது 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி. நான் களிம்பை எடுத்தேன். காரணம் பஸ்.

ஒளிக்கு வாரம் இரண்டு மூன்று நாள் போக வேண்டும், அதுவும் அடுத்தடுத்த நாளில் கூடாது. பலன் இருக்கிறதா என்று சொல்லவே மூன்று மாதமாவது ஆகும். நித்திரவிளையில் ஏறி, மார்த்தாண்டம் நெரிசலில் இறங்கி, நாகர்கோவில் வண்டி பிடிக்க வேண்டும். மெஷின் முன்னால் நிற்பது சில நிமிடம். போக வர அரை நாள். நம்ம ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இடையில் சில வாரம் விட்டுப்போனால் ஒளியின் அளவைக் குறைத்து மறுபடி ஏற்ற வேண்டும். பாதியில் நிற்கும் சிகிச்சை எனக்கு வேண்டாம்.

களிம்பு காலையும் இரவும் வீட்டிலேயே. ஆரம்பத்தில் நல்ல எரிச்சல் இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஸ்டீராய்டு களிம்பு மாதிரி தோலை மெலிய வைக்காது என்பதால் கண் பக்கத்துக்குத் தோது. மாதங்கள் கழித்து தாடையில் ஒவ்வொரு முடிக்காலிலும் கடுகு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி வந்தது. நிறம் முடிக்காலில் இருந்துதான் திரும்புமாம். முடியில்லாத விரல் நுனியும் உதடும் அதனால்தான் எளிதில் மசியாது. அங்கே இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது.

ஒளியைப் பற்றி மைனி (அண்ணி) சொல்லித்தான் தெரியும். அவளுக்கு முதுகு, கை எல்லாம் பரவியிருக்கிறது; அத்தனை இடத்துக்கும் களிம்பு கட்டுப்படியாகாது. நாகர்கோவில் வடசேரியில் வீடு, நடந்தே போய்விடுவாள். அவளுக்கு அதுதான் சரி.

கார்போக அரிசி என்ற நாட்டு மருந்து விதையின் எண்ணெயைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்பவர்களும் உண்டு. கொப்புளம் போட்டுவிடும், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஒட்டுப் பொட்டு வைக்கும் இடமோ ரப்பர் செருப்பு வார் படும் இடமோ மட்டும் வெளுத்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பசையிலும் ரப்பரிலும் உள்ள சில ரசாயனங்கள் நிறத்தை எடுத்துவிடும்.