டிஸ்கார்டா, வாராந்திர டிரிம்மா: எது சொன்ன வேலையைச் செய்கிறது?

எஸ்எஸ்டியில் அழித்த இடம் காலியாகிவிட்டது என்று டிரைவுக்குச் சொல்ல (இதுதான் டிரிம்) லினக்ஸில் இரண்டு வழி. டிரைவை மவுன்ட் செய்யும்போதே, அதாவது சிஸ்டத்தோடு இணைக்கும்போதே, டிஸ்கார்ட் ஆப்ஷனைக் கொடுத்துவிட்டால் அழிக்க அழிக்கத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் எஃப்எஸ்டிரிம் டைமர் வாரம் ஒருமுறை மொத்தமாகச் சொல்லும். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைமை என்றால் என் ஓட்டு டைமருக்குத்தான். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒரே மூச்சில் அழித்தால் முதல் வழியில் சில டிரைவ்கள் திணறிவிடும், அதிலும் சாட்டா 3.1 இணைப்புத் தரத்துக்கு முந்தையவற்றில் டிரிம் கட்டளை மற்றவற்றோடு வரிசையில் நிற்காது, அது முடியும்வரை எல்லாம் காத்துக்கிடக்க வேண்டும்.

எஃப்2எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் கதை வேறு. சாம்சங் ஃபிளாஷுக்கென்றே எழுதி, 2013-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.8 பதிப்போடு வெளிவந்தது. டிஸ்கார்ட் அதில் தானாகவே ஆன்; ஆனால் கட்டளைகளைச் சேர்த்துவைத்து டிரைவ் சும்மா இருக்கும் நேரம் பார்த்து அனுப்பும். அதை அப்படியே விட்டுவிடலாம். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் 6.2 கெர்னலிலிருந்து கிட்டத்தட்ட இதே வழிக்கு வந்துவிட்டது.

சரி, எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிரைவ் வரை கட்டளை போகிறதா? இங்கேதான் இரண்டுமே ஏமாற்றும். டிரைவில் ஆதரவு இல்லாவிட்டாலும் எக்ஸ்ட்4 சமர்த்தாக மவுன்ட் ஆகி, கெர்னல் லாகில் மட்டும் ஒரு வரி முனகும். டைமரோ, ஆதரவில்லாததைக் கண்டுகொள்ளாதே என்ற ஆப்ஷனோடுதான் ஓடுகிறது, பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவோம். எஃப்எஸ்டிரிம்மை ஒருமுறை கையால் ஓட்டினால்தான் பிழை முகத்துக்கு நேரே வரும்.

அப்புறம் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு கொடுங்கள். டிஸ்க் வரியில் எண் இருந்து, அதன் கீழே கிரிப்ட் வரியில் மட்டும் 0 என்றால் தடுப்பது லக்ஸ் குறியாக்கம். குறியாக்க அமைப்புகள் இருக்கும் கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்ட் என்று சேர்த்து, ரூட் பார்ட்டிஷன் என்றால் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்து ரீபூட் செய்தால் முடிந்தது. இதற்கு விலை, எந்த இடம் காலி என்பது வெளியே தெரியும், அவ்வளவுதான். வீட்டு லேப்டாப்புக்கு அது பரவாயில்லை.

டிஸ்க் வரியிலேயே 0 என்றால், அதுவும் யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிரைவ் என்றால், சந்தேகம் இடையிலுள்ள சிப் மேல். கெர்னல் டிரிம் அனுப்பும் விதத்தைக் குறிக்கும் ப்ரொவிஷனிங் மோட் கோப்பில் ஃபுல் என்று இருப்பதை அன்மேப் (டிரிம்முக்கு இணையான கட்டளை) என்று மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். எஸ்ஜி3 யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு அந்தச் சிப் அன்மேப் தெரியும் என்று சொல்கிறதா எனப் பார்க்காமல் அதில் கைவைக்காதீர்கள், டேட்டா போனால் வராது. தெரியாது என்று சொன்னால் வேறு பெட்டி வாங்குவதே மேல்.