ரெக்லஸா, பீட் ஸ்ட்ரீட் பிரேக்டவுனா?

1984 மே மாதம் 'பிரேக்கின்' என்ற பிரேக் டான்ஸ் படம் வெளியானது. அடுத்த மாதமே 'பீட் ஸ்ட்ரீட்'. முன்னது லாஸ் ஏஞ்சலிஸ் கதை, பின்னது நியூயார்க் கதை. ராப், டிஜே, பிரேக் டான்ஸ், கிராஃபிட்டி எல்லாம் சேர்ந்த ஹிப்-ஹாப் பிறந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் என்பதால் இரண்டாவதுதான் அசல் என்று அடித்துச் சொல்வோர் உண்டு. படங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் நானும் மறுக்க மாட்டேன். முன்னதில் வரும் 'ரெக்லஸ்' பெரிதா, பின்னதில் வரும் 'பீட் ஸ்ட்ரீட் பிரேக்டவுன்' பெரிதா என்று பாட்டுக்கு வந்தால்தான் வழக்கு.

'பீட் ஸ்ட்ரீட் பிரேக்டவுன்' பாடலில் ராப் பாடகர் மெல்லி மெல் குரலே ராஜா. படத்தில் ரயில் பாதையின் மின்தண்டவாளத்தில் விழுந்து இறக்கும் ராமோவுக்கான அஞ்சலி அது; சுவர்களிலும் ரயில் பெட்டிகளிலும் தீட்டும் கிராஃபிட்டி ஓவியன் அவன். உலகை மறுபடி படைக்கும் வாய்ப்பு உனக்குக் கிடைத்திருந்தால் இதைவிட நல்ல இடமாகத் தீட்டியிருப்பாய் என்று இறந்தவனிடமே பேசுகிறார். அங்கிருந்து போர், வறுமை என்று உலகத்துக் கவலையெல்லாம் வரிசையாக வந்து விழுகிறது. 1982-இல் ஏழைத் தெருக்களின் வாழ்க்கையைச் சொன்ன 'தி மெசேஜ்' பாடிய மனிதர் அல்லவா! எழுத்து என்று பார்த்தால் போட்டியே இல்லை.

'ரெக்லஸ்' அந்தப் பக்கமே போவதில்லை. கிறிஸ் 'தி கிளவ்' டெய்லரும் டேவிட் ஸ்டோர்ஸும் உருவாக்கிய பாடலில் ராப் செய்வது ஐஸ்-டி. முதல் ஆல்பம் வெளிவர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்த ஐஸ்-டி. விஷயம் என்னவோ இசைத்தட்டுகளைச் சுழற்றும் டிஜேயின் கைத்திறமையைப் பற்றிய வெறும் பெருமைதான். ஆனால் கீழே ஓடும் டிரம் மெஷினைக் கேளுங்கள். அடி ஒவ்வொன்றும் கத்தரித்தது போல விழுகிறது. இடையில் இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும் ஸ்கிராட்ச் ஒலி கீறிக்கொண்டு போகிறது. தசையைச் சுண்டி, சட்டென்று நிறுத்தி ஆடும் பாப்பிங் கலிஃபோர்னியாவின் ஆட்டம். அதற்கு வேண்டியது இந்த வெட்டும் இந்த இடைவெளியும்தான். மெல்லி மெல் பாட்டுக்கு ஆட நின்றால் காது சொற்களின் பின்னால் போய்விடுகிறது, கால் நின்றுவிடுகிறது.

நடனப் படத்துக்கான பாட்டு என்ற அளவுகோலில் என் ஓட்டு 'ரெக்லஸ்' பக்கமே. உட்கார்ந்து கேட்பதற்கு மற்றது. 'பிரேக்கின்' ஆல்பத்தை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: படத்தின் நடனக்காரர்களில் ஒருவனான டர்போ துடைப்பத்தோடு ஆடும் புகழ்பெற்ற காட்சியில் ஒலிக்கும், ஜெர்மன் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் 'டூர் டி ஃபிரான்ஸ்' அதில் கிடையாது, அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.